பொழுதும் மணியும்

விரைவுணர்ச்சி காலக் குறைவால் மட்டும் தோன்றுவதன்று. காலத்தை எண்ணும் முறையாலும் தோன்றுவதாகும். பண்டைத் தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். சிறுபொழுதினை ஆறெனக் கொள்ளும் மரபில், ஒவ்வொன்றும் 10 நாழிகை, அஃதாவது 4 மணி நேரம் நீளும். கொங்கு உழவர் 'வெள்ளி முளைக்கும் நேரம்' கவலை பூட்டினர் எனின், அச்சொல் ஒரு பரப்பைக் குறித்ததேயன்றி ஒரு நொடியைக் குறித்ததன்று.

1888இல் கோவையில் நூற்பாலை தோன்றியது. 1930களில் பைக்காரா மின்னாற்றலால் ஆலைகள் பெருகின. ஆலைச்சங்கு பொழுதினைப் புள்ளியாக்கிற்று. பொழுதினுள் அமைந்து பணியாற்றலாம். புள்ளியையோ எட்டிப் பிடித்தல் வேண்டும், அன்றேல் தவறவிடல் வேண்டும். ஆலைக்கு அம்முறை இன்றியமையாததே. ஆயின், ஆலைக்கு வெளியிலும் நாம் புள்ளிகளையே எண்ணுகின்றோம். சில பணிகளையேனும் மணியாற் குறியாது பொழுதாற் குறிப்போமாயின், காலம் மிகாது. பதற்றம் குறையும் எனக் கருதுகின்றோம்.