விற்ற அன்றே விழித்துக்கொள்ளும் உரிமங்கள்

2022 மே 20 அன்று செகா நிறுவனம் தன் பழைய சோனிக் கேம்கள் நான்கைப் பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. தொண்ணூறுகளின் முற்பாதியில் வந்தவை. அதுவரை தனித்தனியாக, மலிவாகக் கிடைத்தவை. ஜூன் 23 அன்று அவையே ‘சோனிக் ஆரிஜின்ஸ்’ என்ற ஒரே தொகுப்பாக, ஏறத்தாழ 40 டாலருக்குத் திரும்பி வந்தன.

இதில் ஒரு பாதி வியாபாரம். பழைய பதிப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடந்தால் புதிய தொகுப்பை யார் வாங்குவார்கள்? மற்றப் பாதி உரிமம்; வியப்பு அதில்தான்.

‘சோனிக் 3’ஐயே எடுத்துக்கொள்வோம். 1994இல் அது ஒரு கேட்ரிட்ஜில் அடங்காமல் இரண்டாக வெட்டப்பட்டது. பிற்பாதியான ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ்’ கேட்ரிட்ஜின் தலையில் ஒரு துளை இருந்தது. முற்பாதியை அதில் செருகினால் இரண்டும் ஒரே கேமாக ஓடும். அந்தக் கேமின் இசையில் மைக்கேல் ஜாக்சனும் பங்கேற்றதாக அவருடைய இசைக் கூட்டாளி பிராட் பக்ஸர் பின்னாளில் சொன்னார். ஆனால், ஜாக்சனின் பெயர் கேமில் எங்கும் இல்லை. ‘ஆரிஜின்ஸ்’ வந்தபோது சில கட்டங்களின் இசை மாறியிருந்தது. அந்த மாற்று மெட்டுகள் புதியவையும் அல்ல: 2019இல் வெளியே வந்த 1993ஆம் ஆண்டுச் சோதனைப் பிரதியிலேயே அவை இருந்தன. சோனிக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான யூஜி நாகாவே இசை மாறியதைக் கண்டு பொதுவெளியில் வியந்தார்.

கேட்ரிட்ஜ் ஒருமுறை அச்சாகி விற்றுவிட்டால், பிறகு பத்துக் கை மாறினாலும் யாரும் உரிமம் கேட்பதில்லை. இணையக் கடையில் அப்படியல்ல. ஒவ்வொரு விற்பனையும் அன்றைக்கு உண்டாகும் ஒரு புதிய பிரதி. ஆகவே அதிலுள்ள பாட்டு, கார், கதாபாத்திரம் எல்லாவற்றின் உரிமமும் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும். 2010இல் வந்த ‘ஆலன் வேக்’ கேமின் பாட்டு உரிமங்கள் முடிந்ததால், 2017 மே மாதம் 90 சதவீதத் தள்ளுபடியில் கடைசியாக விற்றுவிட்டுக் கடையிலிருந்து எடுத்தார்கள். உரிமங்களைப் புதுப்பித்து 2018இல் மீண்டும் ஏற்றினார்கள். ஃபெராரி கார்கள் ஓடிய ‘அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேட்’ சில ஆண்டுகளில் போனது, திரும்பவில்லை. முன்பே வாங்கியவர்கள் பெரும்பாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கதவு அடைபடுவது புதிதாக வருபவருக்குத்தான்.

திரும்பி வருபவை பெயர் பெற்றவை மட்டுமே. உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவை மீட்டுத் தராத கேமுக்காக யாரும் பேச்சுவார்த்தை நடத்த மாட்டார்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்கு இணையம் வழியே காட்டக் கேட்ட அனுமதியை, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்தது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன்.

பழையதும் புதியதும் அருகருகே இருக்க முடியாதா? முடியும். 2021இல் ராக்ஸ்டார் நிறுவனம் மூன்று பழைய ‘ஜிடிஏ’ கேம்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டுப் புதுப்பித்த தொகுப்பைக் கொண்டுவந்தது. பிழைகள் மலிந்த அதைக் கண்டு ஆட்டக்காரர்கள் கொதித்ததும், நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பழைய மூன்றையும் கணினிக்கான தன் சொந்தக் கடையில் மறுபடி விற்பனைக்கு வைத்தது.