ஃபிளாட் வாங்கப் போறீங்களா? அசோசியேஷனையும் ஒருமுறை விசாரிங்க!

பழைய ஃபிளாட் ஒன்றைப் பார்த்துப் பிடித்துவிட்டது. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் செல்போனிலேயே வில்லங்கம் பார்த்தாச்சு, பாக்கி எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துடலாமா? கொஞ்சம் பொறுங்க.

வில்லங்கச் சான்றில் பதிவான அடமானம், கிரயம் எல்லாம் தெரியும். பழைய உரிமையாளர் மெயின்டனன்ஸ் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி தெரியாது. 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் மாதம் 4,000 ரூபாய். மூன்று வருஷம் கட்டவில்லை என்றால் 1,44,000 ரூபாய்! சாவி உங்க கைக்கு வந்த பிறகு, அசோசியேஷன் செயலாளர் உங்க கதவைத்தான் தட்டுவார். அதனால் "நிலுவை இல்லை" என்று சங்கத்தின் கடிதம் ஒன்றை விற்பவரிடமே வாங்கித் தரச் சொல்லுங்க. கிரய ஒப்பந்தத்திலும் அதை ஒரு வரியாகச் சேர்த்துடுங்க.

அடுத்து, சங்கத்தின் கணக்கு. கடைசி இரண்டு வருஷத் தணிக்கை அறிக்கையையும் பொதுக்குழுக் கூட்டத் தீர்மானங்களையும் பார்க்கக் கேளுங்க. காட்டத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான். மெயின்டனன்ஸ் குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம். லிஃப்டை மாற்றவும் மொட்டை மாடி ஒழுகலை அடைக்கவும் சேமிப்பு நிதி இல்லாத இடத்தில், நீங்க குடிவந்த மறுமாதமே வீட்டுக்கு இவ்வளவு என்று தனி வசூல் வரலாம். கோடையில் தண்ணி லாரிக்கு எவ்வளவு ஆகுது என்று வாட்ச்மேனிடமே விசாரிங்க. ஏட்டில் இல்லாத விஷயம் அவருக்குத் தெரியும்.

மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்துக்கு மேல் போனால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். பெரிய குடியிருப்புகளில் இதையும் கணக்கில் வைங்க.

புது வீடு என்றால் கேள்வி வேறு: சங்கம் பில்டர் கையிலா, குடியிருப்போர் கையிலா? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பெரும்பாலான வீடுகள் புக் ஆன 3 மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும். பொது இடங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியதும் அவர் கடமை. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவரே சரிசெய்து தரணும். திட்டத்தின் பதிவு விவரங்களைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். (8 வீடுகளுக்கு மேற்படாத சின்னக் கட்டடங்களுக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. அங்கே விசாரணை முழுக்க உங்க பொறுப்பு.)

30, 35 வருஷக் கட்டடமா? 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அந்தப் பேச்சு ஏற்கெனவே நடக்குதா என்று கேளுங்க. அப்படியானால் சுவரை விட, பத்திரத்தில் உங்க பெயருக்கு வரும் பிரிபடாத மனைப் பங்கின் அளவுதான் முக்கியம்.

வளர்ப்பு நாய், வாடகைக்கு விடுவது, விருந்தினர் வண்டி நிறுத்துவது பற்றிய விதிகளைத் துணைவிதிப் புத்தகத்தில் படிச்சுடுங்க. பத்திரம் பதிவானதும் அதன் நகலைச் செயலாளரிடம் கொடுத்து, உறுப்பினர் பதிவேட்டில் உங்க பெயரை ஏற்றிக்கொள்ளுங்க. அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுப் போட அந்தப் பதிவு வேண்டியிருக்கும்.