பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடப் போறீங்களா? நெமிலிச்சேரி கணக்கைக் கொஞ்சம் பாருங்க!

ஆவடி:

கம்பெனியில் இருந்து வந்த பி.எப். பணம், மனைவியின் நகையை விற்ற பணம், சீட்டு எடுத்த பணம்... எல்லாவற்றையும் திரட்டி, "ஒரு பழைய வீட்டை வாங்கிப் போடுவோம், வெள்ளை அடிச்சு வாடகைக்கு விடுவோம், மாசா மாசம் காசு வரும்" என்று நினைப்பவர்கள் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி பக்கம் நிறைய பேர்.

நினைப்பில் தப்பில்லை. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு தடவை வருகிற பணம். அது எங்கே ஓட்டையாகிறது என்று தெரியாமல் இறங்கினால் முதலுக்கே மோசம்.

ரோடு வந்தது, விலையும் வந்தது

நெமிலிச்சேரி என்றால் முன்பு பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே ஒரு சின்ன ரெயில் நிலையம், அவ்வளவுதான். வண்டலூரில் இருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-ல் திறக்கப்பட்டது. இங்கிருந்து மீஞ்சூர் வரை உள்ள மீதிச் சாலை 2021-ல் திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க்கும் திறப்பு விழா கண்டது. புரோக்கர்களுக்கு விலையை ஏற்றிச் சொல்ல இது போதாதா?

ஆனால் டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர் 30 வருஷத்துப் பழைய வீட்டைத் தேடி வருவார் என்று கனவு காண வேண்டாம். இந்தப் பக்கம் பழைய வீட்டுக்கு வாடகைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ரெயில் ஏறுகிறவர்கள், ஆவடி பேக்டரிகளில் கான்டிராக்டில் வேலை செய்பவர்கள், டிரைவர்கள், கடைகளில் வேலை பார்ப்பவர்கள். விலை ஐ.டி. கணக்கில் ஏறும். வாடகை அவர்கள் சம்பளக் கணக்கில்தான் வரும். சிக்கலே அங்கேதான்.

100 ரூபாய்க்கு 3 ரூபாய்!

ஒரு உதாரணத்துக்குக் கணக்கு போடலாம். வீட்டு விலை 25 லட்சம் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் இருந்து இதுதான் கணக்கு. ஆக 2 லட்சத்து 25 ஆயிரம். ரிப்பேர் செலவு 2 லட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 30 லட்சம். (பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்த சலுகை, 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். இந்த வீட்டுக்குப் பொருந்தாது.)

வாடகை மாதம் 9 ஆயிரம் வருகிறது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். 11 மாதத்துக்கு 99 ஆயிரம். வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், குழாய் என்று 9 ஆயிரம் கழித்தால் கையில் நிற்பது 90 ஆயிரம்.

அதாவது 30 லட்சம் போட்டு வருஷத்துக்கு 90 ஆயிரம். 100 ரூபாய்க்கு 3 ரூபாய். பேங்கில் டெபாசிட் போட்டாலே இதைவிடக் கூட வரும். மனை விலை ஏறுவது தனி லாபம்தான், ஆனால் அது வீட்டை விற்கிற அன்றுதான் கையில் கிடைக்கும். அதுவரை அது வெறும் பேச்சு.

கடன் வாங்கி வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 20 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை என்றால் மாதம் 17 ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். வருகிற வாடகை 9 ஆயிரம். "வாடகையே தவணையைக் கட்டிடும்" என்று யாராவது சொன்னால் அவரையே அந்த வீட்டை வாங்கச் சொல்லுங்கள்!

ஆகவே, லாபத்தைத் தேட இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, வாங்கும்போது விலையைக் குறைப்பது. மற்றொன்று, ரிப்பேர் காசை வாடகை கூடுகிற இடத்தில் மட்டும் செலவழிப்பது.

பேப்பர் சுத்தமா?

விலை குறைவாக இருக்கிறதென்றால் ஏன் குறைவு என்று கேளுங்கள். பலசமயம் காரணம் பேப்பரில் இருக்கும்.

இந்தப் பக்கம் 1980, 90-களில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லிப் பிரித்து விற்ற மனைகள் ஏராளம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட் தடை போட்டது நினைவிருக்கும். அதன் பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அப்படி வரன்முறை செய்யாத மனையில் உள்ள வீட்டுக்குப் பேங்க் கடன் கிடைப்பது கஷ்டம். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் இதே கேள்வி வரும்.

மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகப் பார்க்க வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பட்டாவையும், 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் என்று வருகிறதா என்பதையும் வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: குரோம்பேட்டை பக்கமும் ஒரு நெமிலிச்சேரி இருக்கிறது. கிராமத்தை மாற்றிப் போட்டுவிட்டு "வில்லங்கமே இல்லை" என்று சந்தோஷப்படக் கூடாது.

"பவர் பத்திரம் இருக்கு, பிறகு பதிஞ்சுக்கலாம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துச் சொத்து கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது.

மழையில் போய்ப் பாருங்கள்

பழைய வீட்டைப் பார்க்க நல்ல நாள், ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிற நாள். தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மொட்டை மாடி ஒழுகுகிறதா, சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். 2021 மழையில் பக்கத்துத் திருநின்றவூரில் ஏரித் தண்ணீர் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் எதுவரை தண்ணீர் வந்தது என்று எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள். விற்பவரைக் கேட்க வேண்டாம்.

கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால், கொத்தனாரைக் கூட்டிப் போகாமல் விலை பேசக் கூடாது. மேலே பூசி மறைத்துவிட்டால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது, துரு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். புதுசாகப் பெயிண்ட் அடித்த கூரை என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

எதில் காசு போடுவது? கிரானைட், பால்ஸ் சீலிங் எல்லாம் வாடகையைக் கூட்டாது. தண்ணீரும் பாத்ரூமும்தான் கூட்டும். போர் தண்ணீர் உப்பா நல்லதா, மோட்டார், டேங்க், ஒழுகாத பாத்ரூம், சமையல் மேடை, பழைய வயரை மாற்றி ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்... இதெல்லாம் இருந்தால் குடித்தனக்காரர் சீக்கிரம் காலி செய்ய மாட்டார். பின்பக்கம் இடமிருந்தால் ஒன்றரை லட்சம் செலவழித்து ஒரு சின்ன போர்ஷன் பிரித்து 3,500 ரூபாய் கூடுதலாக வந்தால், 11 மாதத்துக்கு 38,500. நாலு வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அந்த போர்ஷனுக்குத் தனி கரண்ட் மீட்டர் வாங்கிக் கொடுத்தால் அரசு தருகிற இலவச யூனிட் குடித்தனக்காரருக்குப் போய்ச் சேரும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதால் வரும் தினசரிச் சண்டையும் மிச்சம்.

செப்டிக் டேங்கில் ஆளை இறக்காதீர்கள்

பழைய வீடு வாங்கினால் செப்டிக் டேங்கும் சேர்ந்தே வரும். பல வருஷமாகத் திறக்காத டேங்காக இருக்கும். "இரண்டு பேரை இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு இறங்கிய ஆளையும், அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்துக் கொன்றுவிடும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். லாரியைக் கூப்பிட்டு மெஷினில்தான் உறிஞ்ச வேண்டும்.

லீஸ் பணம்: இரண்டு பக்கமும் பயம்

வாடகைக்குப் பதில் மொத்தமாக 4 லட்சம், 5 லட்சம் வாங்கிக்கொண்டு லீசுக்கு விடுபவர்களும் உண்டு. அந்தப் பணத்தை வைத்து இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். குடித்தனக்காரர் காலி செய்கிற அன்று பணம் இருக்காது. அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் இவருக்குப் பணம்.

லீசுக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். வீடு பேங்கில் அடமானத்தில் இருந்து வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால், பேங்க் வந்து பூட்டுப் போடும். லீஸ் பணத்துக்கு வீட்டுக்காரர் பின்னால்தான் அலைய வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது.

வாடகைக்கு விட்டாலும் வாய்ப்பேச்சு உதவாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. "10 மாச அட்வான்ஸ் கொடுங்க" என்கிற வீட்டுக்காரரிடம் குடித்தனக்காரர் இதைத் தாராளமாகச் சொல்லலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும். வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், குடித்தனக்காரர் அதே அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.