மாக்கா நம்ம காட்டில் விளையுமா?

"அண்ணே, மாக்கா வேர்ப்பொடி பனிக்காலத்துல சாப்பிட்டா தெம்பு வருமாமே. விதைக்கு முன்பணம் கேக்குறாங்க. அரை ஏக்கர்ல போடட்டுமா?" பக்கத்துக் காட்டுத் தம்பி போன வாரம் கேட்டார். பணம் கட்டும் முன்னே கேட்டது நல்லதாப் போச்சு.

மாக்கா, தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பயிர். முள்ளங்கி, கடுகு குடும்பம். ஆண்டீஸ் மலையில் ஜூனின் மேட்டுநிலத்தில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், ராத்திரியில் உறைபனி விழும் குளிரில் விளைகிறது. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நம்ம சமவெளி வெயிலில் போட்டால் முன்பணம் மண்ணோடு போகும்.

அந்த ஊர் உழவர்களுக்கு அது சாப்பாடு. வேரை வெயிலிலும் பனியிலும் வாரக்கணக்கில் காயவைத்துச் சேமிக்கிறார்கள். வேண்டும்போது ஊறவைத்து, வேகவைத்து, கஞ்சியாகக் குடிக்கிறார்கள்.

ஏற்கெனவே பொடி வாங்கி வைத்திருக்கிறீர்களா? வீணாக்க வேண்டாம். ஒரு டீஸ்பூன் பொடியை ராகிக் கஞ்சியில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

பெரு உழவர் தன் மண்ணில் விளைந்ததைத் தின்று குளிரைத் தாங்குகிறார். நாம் கற்க வேண்டியது அதைத்தான். மார்கழிக்குக் கம்பங்களி, கொள்ளு ரசம், சுக்குமல்லிக் காப்பி இருக்கு.

தம்பியின் அரை ஏக்கரில் இப்போது கொள்ளு முளைத்திருக்கிறது. விதை என் வீட்டுக் குதிரில் இருந்தது, முன்பணம் கேட்கவில்லை.