சுவிற்சர்லாந்துப் பிரயாணம்: முன்னேற்பாடுகள் சில

பூமிசாத்திர வகுப்பில் ஐரோப்பாப் படத்தைச் சுவரில் மாட்டி, அதன் நடுவே கபில நிறந் தீட்டிய சிறு நாடொன்றை ஆசிரியர் பிரம்பினாற் சுட்டிக்காட்டிய நாள் பழைய மாணவர் பலர்க்கு இன்றும் நினைவிருக்கும். கடலில்லாத நாடு, மலை மலிந்த நாடு, நான்கு மொழி வழங்கும் நாடு என்று அன்று மனனஞ் செய்தோம். அந்நாட்டில் நம்மவர் குடியேறுவர் என்று அன்று எவரும் எண்ணவில்லை. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கிருந்து சென்றோர் பல்லாயிரவர் இன்று அங்கு வேரூன்றி வாழ்கின்றனர். மக்களையும் பேரப்பிள்ளைகளையும் காணும்பொருட்டு அங்கு செல்ல விரும்பும் நண்பர்கள் புறப்படுமுன் எம்மிடங் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. அவற்றுக்கு ஒழுங்காக விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் முதன்முறை சென்றபோது செய்த பிழையை முதற்கண் கூறிவிடுகின்றோம். அந்நாட்டின் பரப்பு 41,285 சதுரக் கிலோமீற்றர். இலங்கையின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குங் குறைவு. இத்துணைச் சிறிய நாட்டை எட்டு நாளிற் பார்த்து முடிக்கலாமென்று எண்ணி, ஏழு ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டு சென்றோம். நாம் பார்த்தவை புகையிரத மேடைகளும் விடுதி அறைகளுமே. பனிமலை ஒன்றன் உச்சிக்குப் பெரும்பணங் கொடுத்து முன்னதாகவே சீட்டு வாங்கி வைத்திருந்தோம். அந்நாளில் முகில் மூடிக்கொண்டது. உச்சியில் நின்று வெள்ளைச் சுவரொன்றைப் பார்த்துத் திரும்பினோம். எம்முடன் வந்த மூத்த வகுப்பினர் ஒருவர், ஓய்வூதியத்திற் சிறுகச் சிறுகச் சேமித்து வந்தவர், இறங்கும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாம் முறை செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை நினைந்தே இதனை எழுதுகின்றோம்.

அறிய வேண்டுவனவற்றுள் முதலாவது நிலத்தின் இயல்பு. தெற்கே அல்ப்ஸ் மலைகள் நாட்டின் ஏறக்குறைய 60 வீதத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வடமேற்கே யூரா மலைகள் உள. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்திலேயே மக்களுட் பெரும்பாலார் வாழ்கின்றனர். மலைநாட்டிற் படத்திலுள்ள தூரத்தை நம்பலாகாது. யுங்பிராவ் மலைத்தொடரின் வடபாற் கிறின்டெல்வால்ட் என்னும் ஊர். தென்பால் றோன் நதிப் பள்ளத்தாக்கு. பறவைக்கு இவை அண்டை ஊர்கள். மனிதனோ மலையைச் சுற்றி, சுரங்கம் புகுந்து, வண்டி மாறிச் செல்லவேண்டும். கணவாய் வீதிகளும் எக்காலமுந் திறந்திருப்பனவல்ல. வூர்க்காக் கணவாயின் உயரம் 2,429 மீற்றர். நமது பீதுருதாலகால மலையிலும் 95 மீற்றரே குறைவு. குளிர்காலம் முழுவதும் அது பனியால் மூடிக்கிடக்கும். இத்தடையை வெல்லுதற்கே அம்மக்கள் மலையைக் குடைந்தனர். 1882 இற் கொத்தார்ட் மலையூடாக 15 கிலோமீற்றர் நீளமான புகையிரதச் சுரங்கந் திறக்கப்பட்டது. அதே மலையின் அடியில் 2016 இல் திறக்கப்பட்ட சுரங்கம் 57 கிலோமீற்றர் நீளமுடையது.

ஆகவே பல ஊர்களில் ஒவ்வோர் இரவு தங்குவதைவிட, இரண்டு மூன்று ஊர்களைத் தங்குமிடமாக்கி, அங்கிருந்து காலையிற் சென்று மாலையில் மீளுதலே தக்கது. பெட்டி தூக்கும் வேலையும் குறையும்; வானிலைக்கேற்ப நாளை மாற்றியமைக்கவும் இயலும்.

இனி, பருவம். மலைப்பாதைகளில் நடக்க விரும்புவோர்க்கு யூன் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் இறுதிவரை ஏற்ற காலம். பனி விளையாட்டுக்களை நாடுவோர் டிசெம்பர் முதல் மார்ச் வரை செல்வர். ஏப்ரில், நொவெம்பர் மாதங்களில் வடத்திற் றொங்கிச் செல்லும் வண்டிகள் பல பழுதுபார்ப்பதற்காக நிறுத்தப்படுதலின், அக்காலத்தைத் தவிர்த்தல் நன்று. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். பள்ளத்தாக்கில் வியர்க்கும் நாளிலும் உச்சியில் உறைபனி இருக்கும். தடித்த மேலங்கி ஒன்றிலும், ஒன்றன்மேலொன்றாய் அணிந்து வேண்டியபோது களையத்தக்க மெல்லிய ஆடைகள் சிறந்தவை.

பத்திரங்களைப் பற்றி ஒரு சொல். சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்புநாடு அன்று. எனினும் 2008 டிசெம்பர் முதல் செங்கன் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தி வருகின்றது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் அவ்விசாவைப் பெறவேண்டும். எந்த 180 நாட் காலத்திலும் 90 நாளுக்கு மேற்படாமலே தங்கலாம். விண்ணப்பத்தைப் பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம். பதினைந்து நாள் வரை பிற்போடுதல் ஆபத்து. மருத்துவச் செலவுக்கென 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதியும், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதஞ் செல்லுபடியாகுங் கடவுச்சீட்டும் இன்றியமையாதன. விதிகள் மாறுந் தன்மையன ஆதலின், விண்ணப்பிக்கும் வேளையில் தூதரகத்திற் கேட்டறிதல் கடன்.

அந்நாட்டின் புகையிரதங்கள் புகையில்லாதவை, மின்சாரத்தால் இயங்குபவை. வழக்கம்பற்றி நாம் அப்பெயரையே கூறுவோம். 1982 முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கான நேரசூசி அமைந்துள்ளது. மணிதோறும் அதே நிமிடத்தில் வண்டி புறப்படும். அது சேரும் நிலையத்தில் அடுத்த வண்டியோ, பஸ்வண்டியோ, ஏரிக்கப்பலோ காத்திருக்கும். எனவே வாடகை மோட்டார் வண்டி பெரும்பாலும் வேண்டுவதில்லை. வெளிநாட்டினர்க்கு 3, 4, 6, 8, 15 நாட்களுக்கான பொதுச் சீட்டுக்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு அரைக்கட்டண அட்டையும் உண்டு. நாடோறும் நெடுந்தூரஞ் செல்வோர்க்கு முன்னையது இலாபம். பிள்ளைகள் வீட்டிற் பல வாரந் தங்கி, இடைக்கிடை வெளியே செல்வோர்க்குப் பின்னையதே போதும். சேர்மாற் முதல் சென் மோறிற்சு வரை ஓடும் ‘பனியாற்று விரைவு வண்டி’யிலும், கூர் முதல் இத்தாலியின் திறானோ வரை ஓடும் ‘பேர்ணினா விரைவு வண்டி’யிலும் ஆசனத்தை முன்பதிவு செய்தல் வேண்டும். அதே பாதையில் ஓடுஞ் சாதாரண வண்டிகளில் முன்பதிவில்லை; அவற்றிலிருந்து காணும் மலையும் அதே மலைதான். திறானோ செல்வோர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

மலையேறுவதற்கு நடக்க வேண்டுமென்பதில்லை. ஐரோப்பாவின் முதலாவது மலையேறு பற்சக்கரப் புகையிரதம் 1871 இல் றிகி மலையில் ஓடத் தொடங்கியது. 1,798 மீற்றர் உயரமான அம்மலை முதியோர்க்கும் சிறுவர்க்கும் ஏற்றது. 1912 முதல் வண்டி செல்லும் யுங்பிராவ்யோக் நிலையமோ 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. பீதுருதாலகாலையிலும் 930 மீற்றர் மேலே நிற்கும் அவ்விடத்திற் காற்றுச் செறிவு குறைவு. இருதய நோயும் சுவாச நோயும் உடையோர் வைத்தியரிடம் வினவியே செல்லுக. எவராயினும் அங்கே விரைந்து நடத்தலும் படியேறுதலும் ஆகாது. உச்சியின் நிலையை அக்கணமே காட்டும் ஒளிப்படக் கருவிகள் இன்று பல மலைகளில் உள. விடுதியிலிருந்தவாறே கைத்தொலைபேசியிற் காணலாம். காலையில் அதனைப் பார்த்து, வானம் வெளித்திருந்தாற் சீட்டு வாங்குக. முகில் இருந்தால் அன்று ஏரிக்கோ நூதனசாலைக்கோ செல்லுக. மூத்தவரும் யாமும் அன்று இழந்தது இவ்வொரு பார்வையினாலேயே.

நண்பர்களை மிக அஞ்சவைப்பது மொழி. நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஜேர்மன், ஏறக்குறைய 23 பேர் பிரெஞ்சு, 8 பேர் இத்தாலியம், ஒருவருக்குங் குறைவாக றோமாஞ்சு என்பது கணக்கு. சுவிற்சர்லாந்தினர் எல்லோரும் நான்கு மொழியும் வல்லவர் என்பது தவறான எண்ணம். ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியில் நடைபெறுகின்றது. பேர்ண், விறிபூர், வலே ஆகியன இருமொழி மாநிலங்கள். கிறவ்புண்டன் ஒன்றே மும்மொழி மாநிலம். ஆகவே பிரயாணி அறியவேண்டியது நான்கு இலக்கணமன்று; ஓர் ஊருக்குப் பல பெயர் உண்டென்பதே. பிரெஞ்சில் ஷெனேவ் என்பது ஜேர்மனிற் கென்ஃப், இத்தாலியத்தில் ஜினேவ்றா. பாசல் என்பதே பிரெஞ்சில் பால். சீட்டில் ஒரு பெயரும் பலகையில் வேறொரு பெயருங் கண்டு இடையிலே இறங்கிவிடலாகாது. வண்டி மொழியெல்லை கடந்ததும் அறிவிப்பாளரின் மொழியும் மாறிவிடும்; அதுவே எல்லை கடந்ததற்கு அடையாளம்.

இன்னொன்று நமக்கு எளிதில் விளங்கும். அங்குள்ள ஜேர்மன் மக்கள் எழுதுவது ஒன்று, வீட்டிற் பேசுவது வேறொன்று. பள்ளியில் ஜேர்மன் கற்றவர்க்கும் அப்பேச்சு முதலிற் புரியாது. செந்தமிழில் எழுதி ஊர்த்தமிழிற் பேசும் நாம் அதனை ஏளனஞ் செய்யமாட்டோம். சூரிச்சிற் ‘குறூயெற்சி’, லொசானில் ‘பொன்சூர்’, லுகானோவிற் ‘புவோன்ஜோர்னோ’, றோமாஞ்சு ஊர்களிற் ‘புன் டி’ என்று வணக்கஞ் சொல்லப் பழகிக்கொண்டால் முகங்கள் மலரும். பின்னர் ஆங்கிலத்தில் வினவலாம். நகரங்களில் விடை கிடைக்கும்.

செலவு மிகுந்த நாடு அது. நண்பகலில் உணவுச்சாலைகள் தரும் அன்றைய உணவு இரவுணவிலும் மலிவு. வீதியோரத் தொட்டிகளில் வழியும் நீர், குடிக்கலாகாது என்று எழுதப்பட்டாலன்றி, நல்ல குடிநீரே. போத்தல் நீருக்குப் பணஞ் செலவிடல் வீண். ஞாயிற்றுக்கிழமைகளிற் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பெரிய புகையிரத நிலையக் கடைகளே திறந்திருக்கும். சைவ உணவினர், உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கும் றோஸ்ரியிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டென்பதை அறிந்து, கேட்ட பின்னரே உண்க.

பத்து நாளுக்கு ஒரு திட்டம் கூறுகின்றோம். நான்கு நாள் லூசேர்ணில்: ஏரிக்கப்பல், றிகி, கொத்தார்ட் ஊடாக இத்தாலியம் வழங்கும் லுகானோ. மூன்று நாள் பேர்ணில்: பழைய நகரம், யுங்பிராவ்ப் பக்கம், பிரெஞ்சு வழங்கும் லொசான். பேர்ணிலுள்ள ‘சமயங்களின் இல்லம்’ தவறாது காணத்தக்கது. 2014 இல் திறக்கப்பட்ட அவ்வில்லத்தில் எட்டுச் சமயத்தார் கூடுகின்றனர். நம்மவர் அமைத்த சைவக் கோயிலும் அதே கூரையின் கீழ் உள்ளது. எஞ்சிய மூன்று நாள் கூரில்: பேர்ணினாப் பாதையும், றோமாஞ்சு வழங்கும் மேல் றைன் பள்ளத்தாக்கும். நான்கு மொழியையும் இப்பத்து நாளிற் கேட்டுவிடலாம்.

நிறைவாக ஒன்று. இம்மொழிகள் ஒருங்கு வாழ்தல் இயற்கை அளித்த வரமென்று எண்ணிவிடலாகாது. 1847 இல் அம்மக்களும் சமயத்தாலும் அரசியலாலும் பிளவுண்டு தமக்குள்ளே போர் செய்தனர். அது ஒரு மாதத்துள் முடிந்தது; அடுத்த ஆண்டே கூட்டாட்சி அமைப்பை வகுத்துக்கொண்டனர். மிகச் சிறுபான்மையினரின் றோமாஞ்சை 1938 இல் நாடு முழுவதும் வாக்களித்துத் தேசிய மொழியாக்கிற்று. பேர்ண் மாநிலத்திலிருந்து பிரிய விரும்பிய பிரெஞ்சு மொழியினர் பலருக்கு, நெடுநாட் பூசலின் பின், வாக்கெடுப்பின் வழியே 1979 இல் யூரா என்னும் புதிய மாநிலங் கிடைத்தது. நாணயத்தாளிலே நான்கு மொழியும் எழுதியிருக்கும். எந்த மொழியும் முந்தலாகாதென்று, நாட்டின் பெயரைச் சுருக்கும்போது இலத்தீனை நாடினர்.

ஆதலின் இப்பிரயாணஞ் செய்வோர் பனிமலையை மாத்திரம் பார்த்து மீளற்க. மொழியெல்லை கடக்கும் ஒரு வண்டியிற் சாளரத்தருகே அமர்ந்து, அறிவிப்பு மாறும் கணத்தில் அயலிலிருப்போர் முகத்தை நோக்குக. எவரும் நிமிர்ந்தும் பாரார். அக்காட்சிக்குத் தனிச்சீட்டு வேண்டுவதில்லை. எம்முடன் வந்த மூத்தவரும், உச்சியைக் காணாவிடினும், இதனைக் கண்டே வந்தார். முகிலும் அதனை மறைக்காது.