பந்தயப் பாதை தயார், பைல் தயாரா?

டில்லியிலிருந்து யமுனை விரைவுச் சாலை வழியாக ஆக்ரா செல்லும் வாசகர்கள், கிரேட்டர் நொய்டாவைத் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே ஒரு பிரம்மாண்டமான பார்வையாளர் மாடத்தைக் கண்டிருக்கலாம். உலகின் அதிவேகக் கார்கள் சீறிப் பாய்ந்த இடம் அது. இந்தியாவின் முதல் பார்முலா 1 கார்ப் பந்தயம் 2011 அக்டோபர் 30ஆம் தேதி அங்கேதான் நடந்தது.

பந்தயம் நடந்தது ஒன்றரை மணி நேரம். அதற்கான தயாரிப்புக்கு ஆனதோ நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளில் எது தயாரானது, எது தயாராகவில்லை என்பதில்தான் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சோழவரம் முதல் நொய்டா வரை

மோட்டார் பந்தயம் இந்தியாவுக்குப் புதிது அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வெயிலில் குடை பிடித்து நின்று பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை வந்தது.

ஆனால் பார்முலா 1 வேறு சங்கதி. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் கார்களுக்கு ஓடுதளம் போதாது. தடம் புரளும் காரைத் தாங்கிக் கொள்ள அகலமான ஓரவெளி வேண்டும். மோதலின் வேகத்தை உறிஞ்சும் தடுப்புகள் வேண்டும். பாதைக்குள்ளேயே மருத்துவமனை வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல ஹெலிகாப்டர் தயாராக நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதி கிடையாது.

மண்ணும் மனிதரும்

2007ல் ஒப்பந்தம் பேசப்பட்டது. தேதி தள்ளிப் போய், கடைசியில் 2011 என்று முடிவாயிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் டில்கே பாதையை வடிவமைத்தார். நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், வளைவுகள் 16. சமவெளியில் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் உண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைத்தார்கள். செலவு சுமார் 2,000 கோடி ரூபாய். முழுவதும் தனியார் கம்பெனியான ஜேப்பி குழுமத்தின் பொறுப்பு.

நிலம் கொடுத்த விவசாயிகளின் மனக்குறை அப்போதே வெளிப்பட்டது. கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. அதே வட்டாரத்தில் பட்டா பர்சௌல் கிராமத்தில், நிலம் எடுத்த தகராறு 2011 மே மாதத்தில் உயிர்ப்பலியில் முடிந்ததை டில்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

டிக்கெட் விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை போயிற்று. தார் ஊற்றிய கைகளுக்கு எட்டாத விலை அது.

நாய் நிறுத்திய பந்தயம்

அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை. முதல் பயிற்சி ஓட்டம். பல கோடி ரூபாய் பெறும் கார்கள் புறப்பட்டன. எங்கிருந்தோ ஒரு தெருநாய் பாதைக்குள் வந்து விட்டது! சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். புதுப் பாதையில் தூசியும் அதிகம். கார்கள் வழக்கமாகச் செல்லும் தடத்தை விட்டுச் சற்று விலகினாலும் சக்கரம் வழுக்கியது. ஆனாலும் வந்தவர்கள் பாதையைப் பாராட்டவே செய்தார்கள்.

ஞாயிறன்று 24 கார்கள் கிளம்பின. சுமார் 95,000 பேர் பார்த்தார்கள். 60 சுற்றிலும் முதலிடத்தை விடாமல் ஜெர்மன் வீரர் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். கட்டம் போட்ட கொடியை அசைத்தவர் சச்சின் டெண்டுல்கர். கோப்பையை வழங்கியவர் அன்றைய முதல்வர் மாயாவதி.

நம்மவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2005ல் பார்முலா 1ல் ஓட்டிய முதல் இந்தியர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். 2011 சீசனின் நடுவில் தம் இடத்தை இழந்திருந்த அவர், இந்தப் பந்தயத்துக்காகத் திரும்ப வந்து 17வதாக முடித்தார். மெதுவான கார் அது. அதே கம்பெனிக் காரை ஓட்டிய சக வீரருக்கு முன்னால் வந்தார் என்பதே பெருமை. சென்னையின் கருண் சாந்தோக்குக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் மட்டுமே கிடைத்தது.

பைலில் நின்ற வண்டி

பாதை தயார், கார் தயார், கூட்டம் தயார். தயாராகாதது ஒன்றுதான்: காகிதம்!

இது விளையாட்டா, கேளிக்கையா? இந்த ஒரு கேள்விக்குக் கடைசிவரை ஒருமித்த பதில் இல்லை. வெளிநாட்டுக்கு உரிமைக் கட்டணம் அனுப்ப 2009ல் அனுமதி கேட்டபோது, இது விளையாட்டு அல்ல, வணிகக் கேளிக்கை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் மறுத்து விட்டது. உத்தரப் பிரதேச அரசோ கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. அதை எதிர்த்து வழக்கு. பந்தயத்துக்கு ஒன்பது நாள் முன்பு, டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

அடுத்து வருமான வரி. பந்தய உரிமை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் நிரந்தரத் தொழிலிடம் உண்டா? இருந்தால் இங்கே வரி கட்ட வேண்டும். உண்டு என்றே 2017ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மூன்று நாள் விரித்தாலும் கடை கடைதானே!

ஆனால் தீர்ப்பு வந்தபோது பந்தயம் போயே விட்டது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளோடு சரி. மூன்றையும் வென்றவர் வெட்டல் ஒருவரே.

மலேசியாவைப் பாருங்கள். 1999ல் செப்பாங்கில் முதல் பந்தயம். அங்கே அரசே முன்னின்று பாதை கட்டியது. 2017 வரை 19 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தியது. செலவுக்கு ஏற்ற வரவு இல்லை என்று கண்டதும் தானே நிறுத்திக் கொண்டது. தொடங்கியதும் முடித்ததும் ஒரே கையின் தீர்மானம்.

நம் நாட்டில் இதற்கு வரிச் சலுகை கொடுத்திருக்க வேண்டும் என்பதல்ல வாதம். ஏழைகள் நிறைந்த நாட்டில் அது சரியா என்று கேட்பவர் கேள்வியும் நியாயமே. ஆனால் ஆம், இல்லை என்பதை முதல் கல் நடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மண்டபம் பிடித்து, மேளம் சொல்லி, இலையும் போட்ட பிறகு பெண் வீட்டாரின் சம்மதம் கேட்கப் போன கதையாயிற்று.

2023ல் அதே பாதையில் மோட்டோ ஜிபி என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஆகவே பாதை வீணாகவில்லை. இன்னொரு நாள் பார்முலா 1 திரும்பி வரவும் கூடும். அப்போது தார் கலவையைப் பரிசோதிக்கும் முன்பு, மேஜை மேல் இருக்கும் பைலை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஆபீசில் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து குறைந்தால் எவ்வளவு வேகமான வண்டியும் நகராது என்பது அவர்கள் தினமும் காண்பதுதானே!