மாத்தேரான் குதிரைக்கு ஒரு கூரை!

கார் போகாத மலையில் லாயம் கட்ட எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும்?

சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் ரயில், மலைப்பாதையில் இறங்கிக் கர்ஜத்தைத் தாண்டியதும், இடது பக்க ஜன்னலில் ஒரு நீண்ட மலை கூடவே வரும். உச்சி தட்டையாக, யாரோ அரிவாளால் சீவி விட்டது போல இருக்கும். அதன் அடிவாரத்தில் இருப்பதுதான் நேரல் ஸ்டேஷன். தூரத்து வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. ஆனால் தாராவி, சயான், முலுண்ட், டோம்பிவிலியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தடவையாவது நேரலில் இறங்காத குடும்பம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கர்ஜத் லோக்கலில் ஏறி, புளிசாதப் பொட்டலத்தோடு மாத்தேரானுக்குப் போய் வருவது ஒரு வழக்கம்.

சுமார் 2,600 அடி உயரமுள்ள இந்த மலையை 1850-ம் ஆண்டில் தானே ஜில்லா கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற வெள்ளைக்காரர் வெளியுலகத்துக்குக் காட்டினார். அதற்கு முன்பே அங்கே மலைவாழ் மக்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1907-ல் பீர்பாய் குடும்பத்தார் சொந்தப் பணத்தில் போட்ட இரண்டடி அகலப் பாதையில் குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. 2005 ஜூலை வெள்ளத்தில் அந்தப் பாதை அடித்துக்கொண்டு போனது. 2007-ல் மறுபடி ஓடியது. பிறகும் பல தடவை நின்றது. 2022-ல் நேரலிலிருந்து மீண்டும் புறப்பட்டது.

இந்த மலையின் பெரிய விசேஷம் ரயில் அல்ல. அங்கே கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, லாரியும் கிடையாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தஸ்தூரி நாக்காவில் காரை விட்டு இறங்கியாக வேண்டும். அங்கிருந்து கடைத்தெருவுக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர். நடக்கலாம். ரிக்ஷாவில் போகலாம். இல்லையென்றால் குதிரை!

நகராட்சியின் உரிமம் பெற்ற குதிரைகள் சுமார் 460 என்று கணக்கு. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி ஊரின் ஜனத்தொகையே 4,393 தான். பத்து மனிதருக்கு ஒரு குதிரை என்ற விகிதத்துக்கு மேலேயே வருகிறது. சுற்றுலாப் பயணியை ஏற்றுவதும், காட்சி முனைகளுக்கு அழைத்துப் போவதும் குதிரைதான். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், செங்கல் என்று வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் வேண்டியதைச் சுமப்பதிலும் குதிரைக்குப் பங்கு உண்டு.

பகலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இந்தக் குதிரைகள், இரவில் எங்கே படுக்கின்றன? பயணிகள் யாரும் கேட்பதில்லை. குதிரைக்காரனுக்கோ அதுதான் பெரிய கேள்வி.

பூட்டு விழுந்த நாள்

2003 பிப்ரவரி 4-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மாத்தேரானும் அதைச் சுற்றிய 214.73 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுற்றுச்சூழல் பாதிப்புக்கு எளிதில் ஆளாகும் மண்டலம் என்று அறிவிக்கப்பட்டன. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் காப்பு வளையம். மலை உச்சி மட்டுமல்ல, அடிவாரத்துக் கிராமங்கள் பலவும் இந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன.

பசுமையாக இருக்கும் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது. அனுமதியில்லாமல் மரத்தை வெட்டக் கூடாது. செங்குத்துச் சரிவில் கட்டடம் கூடாது. ஊர் எல்லைக்குள் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் தவிர மோட்டார் வாகனம் கூடாது. இப்படிப் பல ‘கூடாது’கள். எதை எங்கே கட்டலாம் என்பதற்கு மாநில அரசு இரண்டு ஆண்டுகளில் ஒரு மண்டலத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ‘கூடாது’ எல்லாம் அன்றைக்கே அமலுக்கு வந்தன. ‘எங்கே கூடும்’ என்று சொல்ல வேண்டிய திட்டமோ குறித்த கெடுவில் முடியவில்லை. சர்க்கார் காரியத்தில் இது புதிதல்ல.

அறிவிக்கை வந்திருக்காவிட்டால் மலை இன்று என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், பதிலுக்கு அதிக தூரம் போக வேண்டாம். லோணாவாலாவைப் போய்ப் பார்த்தால் போதும்.

குதிரை விவசாயமா?

மூன்று குதிரை வைத்துப் பிழைக்கும் ஒருவர், தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு லாயம் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டடம் இல்லை. ஒரு குதிரை நின்று, திரும்பி, படுக்கப் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடமாவது வேண்டும். மூன்றுக்கு 360 சதுர அடி. அதோடு கொள்ளும் புல்லும் நனையாமல் வைக்க ஒரு மூலை, சேணம் மாட்ட ஒரு சுவர். மேலே தகரம்.

மாட்டுக் கொட்டகைக்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்று தோன்றும். இங்கேதான் சட்டம் ஒரு நுட்பமான கோடு கிழிக்கிறது.

1966-ம் ஆண்டு மகாராஷ்டிர நகர அமைப்புச் சட்டத்தில் ‘விவசாயம்’ என்ற சொல்லுக்கு நீண்ட விளக்கம் உண்டு. பயிர், பழம், பூ, கோழி, மீன், தேனீ எல்லாம் அதில் வருகின்றன. மாடு, குதிரை, கழுதை ஆகியவற்றை இனவிருத்தி செய்வதும் விவசாயமே. அதாவது, குதிரை குட்டி போட்டால் விவசாயம். அதே குதிரை ஆள் ஏற்றிச் சம்பாதித்தாலோ, முதலாளி சவாரி செய்து சந்தோஷப்பட்டாலோ விவசாயம் அல்ல! அதற்காகக் கொட்டகை போட்டால் அது ‘மேம்பாடு’. நிலத்தின் உபயோகம் குறிப்பிடும்படி மாறினாலே, ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும், ‘மேம்பாடு’ ஆகிவிடும். மேம்பாட்டுக்கு அனுமதி கட்டாயம்.

இது நம் நாட்டு வேடிக்கை மட்டுமல்ல. இங்கிலாந்தில் நகரங்களைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் சொந்தக் குதிரைக்கு லாயம் கட்ட மனுப் போடுவது தினசரிச் சமாசாரம். அங்கேயும் 1981-ல் நீதிமன்றம் இதே கோட்டைத்தான் கிழித்தது. வயலில் குதிரையைப் புல் மேய விட்டால் விவசாயம். சவாரிக்காகக் குதிரையை வைத்துக்கொண்டு, அது பொழுதுபோக்காக நாலு வாய் புல்லும் தின்றால் விவசாயம் அல்ல. அங்கே பெரும்பாலும் அது வசதி உள்ளவர்களின் ஆசை. மாத்தேரானில் அது வயிற்றுப்பாடு. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே குதிரைதான்.

எத்தனை வாசல்கள்?

நம்ம குதிரைக்காரர் முதலில் போக வேண்டியது நகராட்சி. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: நிலம் யாருடையது? மாத்தேரானில் அரசுக் குத்தகை மனைகளும் உண்டு; அங்கே குத்தகையின் நிபந்தனை என்ன, எதற்காக மனை கொடுக்கப்பட்டது என்ற கேள்வி வரும். மனையைச் சுற்றி வனம். கொட்டகையின் ஒரு கால் வன எல்லைக்குள் போனாலும் 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். அந்தச் சட்டத்தின் முன்னால் நகராட்சியின் கையெழுத்து செல்லாது.

அதற்கு அப்பால், மண்டலத்தின் விதிகள் மீறப்படாமல் பார்க்க வேண்டிய கண்காணிப்புக் குழு. சரிவு எவ்வளவு, மரம் எத்தனை, கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்விகள் எல்லாம் இங்கேதான் எழும்.

அதிகாரிகளைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஒரு சிறிய ஜாதிக் குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 15 கிலோ லத்தி போடும். 460 குதிரைக்கு ஏறக்குறைய ஏழு டன். அது காய்ந்து செம்மண் புழுதியோடு கலந்து காற்றில் பறக்கும். மழையில் கரைந்து கீழே இறங்கும். ஊருக்குத் தண்ணீர் தருவது சார்லட் ஏரி. ஏரிக்கு மேட்டில் ஒரு லாயம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்குக் குடிக்க ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். கோடையில் அந்தத் தண்ணீருக்கும் ஊர்க்காரர்களுக்கும் போட்டி.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இன்று லாயம், நாளை லாட்ஜ்! தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டு, தரைக்குக் கல் பதித்து, குளியல் அறை சேர்த்தால் சீசனில் வாடகைக்கு விட ஓர் அறை தயார். சுற்றுலாத் தலம் எங்கேயும் நடக்கக் கூடிய தந்திரம்தான். அதனால், நேர்மையாக மனுப் போடுகிறவரும் இந்தச் சந்தேகத்துக்குத் தப்ப முடியாது. சந்தேகத்தைக் குறைக்க வழி, வரைபடத்திலேயே இருக்கிறது. ஜன்னல் வேண்டாம், காற்றுப் போகச் சட்டம் போதும். சுவர் பாதி உயரம் போதும். லத்தி சேர்க்க மூடிய குழியும், அதை எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுப்பது என்ற குறிப்பும் இருந்தால், மனுவைப் படிப்பவருக்கு இது குதிரைக்கான இடம்தான் என்று புரியும்.

ஆனால் குதிரைக்காரர்களில் எத்தனை பேரால் வரைபடம் போடுபவருக்குப் பணம் கொடுக்க முடியும்? கொடுக்க முடியாதவர், மூங்கிலை நட்டுத் தார்ப்பாயைக் கட்டிக் குதிரையை நிறுத்துகிறார். மாத்தேரான் மழை நம் ஊர் மழை அல்ல. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஈரத்தில் நின்று நின்று குதிரைக்குக் குளம்பு அழுகும். குளம்பு கெட்ட குதிரையை விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

கூரை கிடைத்தாலும்...

குதிரைக்காரருக்கு இப்போது கவலை கூரையோடு நிற்கவில்லை. 2022-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதியின் பேரில் மின்சார ரிக்ஷாக்கள் பரீட்சார்த்தமாக மலை ஏறின. குதிரைக்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். பாதையில் சிமெண்ட் கல் பதித்தால் குதிரைக்கு லாடம் வழுக்கும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2025 ஆகஸ்டில் வந்த உத்தரவில், மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்தி, இழுத்தவர்களுக்கே மின்சார ரிக்ஷா கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரை கல் பதிக்கலாம். உள் பாதைகளில் கூடாது என்றது. ரிக்ஷா இழுத்துத் தோள் கெட்டவர்களுக்கு இது விடுதலை. அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தஸ்தூரியிலிருந்து கடைத்தெரு வரையுள்ள சவாரிதான் குதிரைக்கும் நிச்சய வருமானம்.

குதிரைக்காரர்கள் எல்லோரும் சுத்தத் தங்கம் என்று எழுதினால் மாத்தேரான் வியாபாரிகள் சிரிப்பார்கள். தஸ்தூரியில் இறங்கும் பயணியிடம் ரயில் இல்லை, தூரம் அதிகம் என்று பொய் சொல்லிக் குதிரையில் ஏற்றுகிறார்கள் என்று புகார் கிளம்பி, 2025 மார்ச்சில் ஊரே கடையடைத்தது. வருமானம் குறையும் என்ற பயம் சிலரைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது. அதனால் கெடுவது எல்லோர் பெயரும்தான்.

வருமானம் உறுதியில்லாத நிலையில் லாயத்துக்குக் கடன் வாங்குவதா, வேண்டாமா? வாங்காவிட்டால் இந்த மழைக்கும் குதிரை நனையும்.

அடிவாரத்தில் மனை வாங்குவோருக்கு

இந்தச் சங்கதி மலைமேல் இருப்பவருக்கு மட்டும் அல்ல. நேரல், கர்ஜத் பக்கம் பண்ணை மனை வாங்கும் மும்பைத் தமிழர்கள் இருக்கிறார்கள். தோட்டம், கிணறு, நாலு தென்னை, பிள்ளைகள் ஆசைக்கு ஒரு குதிரை என்று கனவு காண்பதில் தவறில்லை. முன்பணம் கொடுக்கும் முன் சில காகிதங்களைப் பார்ப்பது நல்லது. மகாராஷ்டிரத்தில் விவசாய நிலம் வாங்க, வாங்குபவர் விவசாயியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. சாத்பாரா எனப்படும் 7/12 பத்திரத்தில் ‘தனியார் வனம்’ என்ற குறிப்பு இருந்தால், 1975-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலம் அரசைச் சேர்ந்ததாக இருக்கலாம். சர்வே நம்பர் 214 சதுர கிலோமீட்டர் மண்டலத்துக்குள் வருகிறதா, 200 மீட்டர் வளையத்தில் வருகிறதா என்பதை அறிவிக்கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தரகர் காட்டும் வர்ணப்படத்தில் குதிரை இருக்கும். இந்த நம்பர்கள் இருக்காது.

அனுமதியின்றி எழுப்பிய கொட்டகையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க, மேலே சொன்ன 1966 சட்டத்தின் 53-வது பிரிவு இடம் தருகிறது. நோட்டீஸ் வந்தபின் ‘குதிரைதானே சார்’ என்று சொல்வதில் பயனில்லை.

முறைப்படி மனுப் போட்டவருக்கும் அதே சட்டம் ஒரு பிடி கொடுத்திருக்கிறது. 60 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதலாம். ஆனால் திட்டத்துக்கும் விதிகளுக்கும் கட்டடம் முரணாக இருக்கக் கூடாது. மறுத்து உத்தரவு வந்தால், 40 நாட்களுக்குள் மாநில அரசுக்கு அப்பீல் செய்யலாம்.

ஏப்ரல் முதல் தேதி மனுக் கொடுக்கும் குதிரைக்காரருக்கு 60 நாள் முடிவது மே மாதக் கடைசி. மறுப்பு வந்து, அப்பீலுக்கு 40 நாள் எடுத்துக்கொண்டால் ஜூலை பிறந்து பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் மாத்தேரானில் மழை பிடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.